நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால்

ஜவ்வாது மலையில் வெட்டப்படும் சந்தனக் கட்டைக்கு எழுத்தில் ஒரு வரலாறு உண்டு. திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்குக்கு வந்து சேரும் கட்டையின் வெளிப்புற வெள்ளையைச் செதுக்கி எடுத்து, நடுவைரத்தை எடைபோட்டு, தரம் பிரித்து, பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் ஏலத்துக்கு விடுவார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தக் கட்டையைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுபோக முடியாது. தேக்குக்கும் ஈட்டிக்கும் வேறு வகையில் கெடுபிடி உண்டு. மரம் மரமாக இருக்கும் வரை அது எங்கே வளர்ந்தது, எவ்வளவு எடை, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியும். தச்சுப்பட்டறைக்குள் போய் நாற்காலியாக வெளியே வரும்போது இந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. யார் அறுத்தார், யார் இழைத்தார், யார் பொருத்தினார் என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான நவீன நாற்காலிகளைச் சுற்றி இன்று உலகச் சந்தையில் நடக்கும் அசல்–நகல் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏலக்கூடமும் நீதிமன்றமும் கேட்பது, இதை வடிவமைத்தவர் யார் என்ற ஒரே கேள்வியை. செய்தவர் யார் என்றும் சேர்த்துக் கேட்டிருந்தால், நகல் என்று எதைச் சொல்கிறோம் என்பதே மாறிப்போயிருக்கும். இதைப் பேச அமெரிக்காவுக்கோ டென்மார்க்குக்கோ போக வேண்டியதில்லை. இந்த மலைக்குத் தென்கிழக்கே, கடற்கரையில், புதுச்சேரி இருக்கிறது. அமெரிக்க நவீன மரவேலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜார்ஜ் நகாஷிமா தன் முதல் அறைகலன்களைச் செய்தது அங்கேதான்.

நகாஷிமா 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் எம்.ஐ.டி.யிலும் கட்டடக்கலை படித்தார். சில காலம் பாரிசில் இருந்துவிட்டு, டோக்கியோவில் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ரேமண்ட் செக் நாட்டுக்காரர். ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஜப்பான் வந்து அங்கே பல ஆண்டுகள் தங்கியவர். அரவிந்தர் ஆசிரமத்தில் சாதகர்களுக்கான தங்குமிடம் ஒன்றைக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, தளத்தில் நின்று வேலையைக் கவனிக்க நகாஷிமாவை அனுப்பினார். 1937இல் நகாஷிமா புதுச்சேரி வந்தார். ஹைதராபாத் நிஜாம் அரசின் சர் அக்பர் ஹைதரி மூலம் கிடைத்த நன்கொடையை நினைவில் வைத்துக் கட்டடத்துக்குக் கோல்கொண்டா என்று பெயரிட்டார்கள்.

அந்தக் கட்டடத்தில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. வெளிப்புறச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், கல்நார் சிமெண்டால் ஆன கிடைமட்டத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி அவற்றைத் திருப்பிக்கொள்ளலாம். அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்குச் சட்டங்களால் ஆன இழுப்புக் கதவு. சட்டங்களை நேருக்கு நேராக அடிக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக முன்னும் பின்னும் தள்ளி அடித்திருப்பதால் காற்று உள்ளே போகும், பார்வை போகாது. மின்விசிறியை நம்பாமல் கடற்காற்றை நம்பிக் கட்டிய வீடு. இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டை இவ்வளவு நேர்த்தியாகக் கையாண்ட கட்டடம் அதற்கு முன் இல்லை என்று கட்டடக்கலை வரலாறு எழுதுபவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

அதை உண்டாக்கிய விதம்தான் நமக்கு முக்கியம். பித்தளைக் கொண்டிகளையும் கைப்பிடிகளையும் கடையில் வாங்கவில்லை; பழைய பாத்திரங்களை உருக்கி ஆசிரமத்திலேயே வார்த்தார்கள். வேலை செய்தவர்களில் ஆசிரமத்தாரும் உண்டு, கூலிக்கு வந்தவர்களும் உண்டு. வெளிநாட்டில் தீட்டிய வரைபடம் உள்ளூர்க் கையில் உருவம் பெற்ற கதை இது. ஜவ்வாது மலையிலேயே இதற்கு இன்னொரு சாட்சி நிற்கிறது. காவலூர் வான்காணகத்தில் வானியலாளர் வைணு பாப்பு 1968இல் முதலில் நிறுத்தியது, கொடைக்கானல் பட்டறையில் நம்மவர்கள் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியை. 1972இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் கருவி வந்தது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியோ மறுபடியும் இந்தியாவில் செய்தது. இறக்குமதியும் உள்ளூர் வேலையும் ஒரே மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, அங்கே யாரும் ஒன்றை அசல் என்றும் மற்றதை நகல் என்றும் பிரிப்பதில்லை. எது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பது தெரிந்திருப்பதே அதற்குக் காரணம்.

கோல்கொண்டாவில் நகாஷிமா சம்பளத்தை மறுத்துவிட்டு ஆசிரமத்தாரில் ஒருவராகவே வாழத் தொடங்கினார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் வைத்தார். 1939இல் அவர் கிளம்பியபோது கட்டடம் முடிந்திருக்கவில்லை. ஆனால் மரத்தின் மீது அவருக்கு வந்த பக்தி இந்த இரண்டாண்டுகளில் வேர்விட்டதுதான். கோல்கொண்டாவைப் பற்றிய கட்டுரைகள் ரேமண்ட், நகாஷிமா, அவர்களோடு உழைத்த செக் கட்டடக்கலைஞர் பிரான்டிஷெக் சாமர், ஆசிரமத்துப் பொறியாளர் பவித்ரா ஆகியோரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. தேக்கை இழைத்த ஆசாரிகளுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பதில்லை.

அடுத்த மூன்றாண்டுகளில் நகாஷிமாவின் வாழ்க்கையில் நடந்தது இதற்கு நேர் எதிர். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அரசு தன் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை முகாம்களில் அடைத்தது. 1942இல் நகாஷிமா மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போனார். அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். ஜப்பானிய மரபில் பயின்ற அவரிடம் நகாஷிமா கைக்கருவிகளையும் பொருத்து வேலையையும் கற்றுக்கொண்டார். வேலைக்குக் கிடைத்ததெல்லாம் கழிவுப் பலகையும் பாலைவனத்துப் புதர்க்கட்டையும்தான். எம்.ஐ.டி.யில் படித்த கட்டடக்கலைஞர் முகாமில் ஒரு தச்சருக்குச் சீடரானார். அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டும் இருந்தார். ஹிகோகாவாவின் பெயர் இன்று வடிவமைப்பு வரலாற்றில் இருப்பதற்கு அது ஒன்றே காரணம்.

ரேமண்டின் முயற்சியால் நகாஷிமா 1943இல் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் பகுதியில் குடியேறி, அங்கேயே பட்டறை வைத்தார். நோல் என்ற அறைகலன் நிறுவனம் 1946இல் அவருடைய நேர்முதுகு நாற்காலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிலகாலம் செய்து நிறுத்திவிட்டு 2008இல் மறுபடியும் தயாரிக்கத் தொடங்கியது. ஆங்கிலேய நாட்டுப்புறத்து வின்சர் நாற்காலியை எடுத்துக்கொண்டு அதன் அலங்காரத்தையெல்லாம் உதிர்த்த வடிவம் அது. அப்படிப் பார்த்தால் இந்தப் புகழ்பெற்ற நாற்காலியே பெயர் தெரியாத கிராமத் தச்சர்களின் வேலையிலிருந்து பிறந்த ஒன்று.

1960 வாக்கில் வந்த கோனாய்ட் நாற்காலியில் அவருடைய துணிச்சல் தெரியும். நான்கு கால் கிடையாது; இரண்டுதான். தரையில் நீளவாக்கில் படுத்திருக்கும் இரண்டு கட்டைகளின் பின்பாதியிலிருந்து இரண்டு கால்கள் எழும்பி முதுகாகவே மேலே போகின்றன. உட்காரும் பலகை அந்தக் கால்களைப் பற்றிக்கொண்டு முன்பக்கம் அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. முதன்முதலில் பார்ப்பவருக்கு உட்கார்ந்தால் முறிந்துவிடும் என்றுதான் தோன்றும். முறியாததற்குக் காரணம் அளவு எடுத்த கையும், பலகையும் காலும் கவ்விக்கொள்ளும் பொருத்தும். முதுகில் நிற்கும் மெல்லிய கம்புகள் ஹிக்கரி மரம், மற்றவை வால்நட். ஒரு மரம் வளைந்து கொடுக்கும், மற்றொன்று தாங்கும். படத்தைப் பார்த்து வெளிவடிவத்தை யாரும் எடுத்துவிடலாம். சுமை விழும் இடத்தில் எந்த மரத்தை, ரேகை எந்தத் திசையில் ஓடும்படி வைப்பது என்பது படத்தில் இல்லை. மலிவு நகல்கள் முதலில் தோற்கும் இடம் அதுதான்.

நகாஷிமா நெடுங்காலம் தன் வேலையில் கையெழுத்துப் போடவில்லை. மேசையைக் கவிழ்த்தால் அடியில் கறுப்பு மையில் ஒரு பெயர் இருக்கும். அது வாங்கியவரின் பெயர். பட்டறையில் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க எழுதிவைத்த அடையாளம், இன்று அசல் என்று நிரூபிக்கும் சான்றாகிவிட்டது. பட்டறையில் பாதுகாத்த ஆணைச் சீட்டுகளோடு அந்தப் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அவர் வாழ்வின் கடைசிக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம், நகல் என்ற கருத்தையே சோதித்தது. நியூ ஜெர்சியில் அவருடைய அறைகலன்களால் வீட்டை நிறைத்திருந்த ஒரு தம்பதியின் வீடு 1989இல் தீப்பிடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள் எரிந்துபோயின. எல்லாவற்றையும் மறுபடியும் செய்து தருவதாக நகாஷிமா ஒப்புக்கொண்டார். வரைபடம் இருந்தது, கையும் இருந்தது. ஆனால் பழைய மேசைக்கு மேற்பலகையான அந்த அடிமரம் உலகில் ஒன்றுதான் இருந்தது, அது சாம்பலாகிவிட்டது. வேறு மரம் எடுத்தார். விரிசல் வேறு இடத்தில் வந்தது. விரிசலைப் பிடிக்கும் வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பும் வேறு இடத்துக்குப் போனது. செய்தவரே திரும்பச் செய்தபோதும் பழையது வரவில்லை, புதியது ஒன்று வந்தது. 1990இல் அவர் இறந்த பிறகு மகள் மீரா நகாஷிமா பட்டறையை நடத்தினார். அங்கே பிறகு செய்யப்பட்ட கோனாய்ட் நாற்காலியை நகல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1964இல் நகாஷிமா ஆசியாவில் இரண்டு இடங்களுக்குப் போனார். ஜப்பானின் தகமாட்சுவில் சகுரா என்ற பட்டறை அவருடைய அனுமதியோடு அவர் வடிவங்களைச் செய்யத் தொடங்கியது. அந்த உறவு அவர் மறைவுக்குப் பிறகும் நீடிக்கிறது. இன்னொரு இடம் அகமதாபாத். அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி 1958இல் தந்த அறிக்கையின் அடிப்படையில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தங்கி, அங்குள்ள மரப்பட்டறையில் இந்திய மரத்தில் செய்வதற்காகவே பல அறைகலன்களை வடிவமைத்துக் கொடுத்தார். சில ஆண்டுகள் அவை அங்கே தயாராயின. புதுச்சேரியை விட்டுக் கிளம்பி இருபத்தைந்து ஆண்டு கழித்து இந்திய ஆசாரிகளோடு அவருக்கு மறுபடியும் வேலை வாய்த்தது. வடிவம் எங்கே பிறந்தாலும், எந்த ஊரில் செய்கிறோமோ அந்த ஊர் மரமும் கையும் அதில் தெரிய வேண்டும் என்ற ஏற்பாடு இது. அகமதாபாத்தில் செய்த நாற்காலி இன்று ஏலத்துக்கு வந்தால் பட்டியலில் நகாஷிமா இருக்கிறார், நிறுவனமும் இருக்கிறது. இழைப்புளி தள்ளியவர் இல்லை.

நகல் விவகாரம் முழு வெறியோடு நடப்பது சண்டிகரில்தான். அந்த நகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியேயின் உறவினரும் கூட்டாளியுமான பியர் ஜான்னெரே 1951இல் அங்கே வந்து 1965 வரை தங்கினார். புதிய தலைநகரின் செயலகம், நீதிமன்றம், கல்லூரிகள், விடுதிகள் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் அறைகலன் வேண்டியிருந்தது. தேக்கும் பிரம்பும் கையில் கிடைத்தன; தச்சர்கள் இருந்தார்கள்; பணம் குறைவு. பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்ந்த ‘வி’ போலத் தெரியும் தடித்த கால்கள், பிரம்பு பின்னிய இருக்கை, பிரம்பு பின்னிய முதுகு. ஜான்னெரேயோடு ஊலி சௌத்ரி முதலிய இந்தியக் கட்டடக்கலைஞர்களும் இந்த வடிவங்களில் பங்கெடுத்தார்கள். வரைபடங்கள் வெவ்வேறு பட்டறைகளுக்குப் போயின. ஒருவர் கால் சற்றுத் தடித்தது, இன்னொருவர் முனை சற்று உருண்டது. ஒரே வடிவத்தின் இரண்டு நாற்காலிகள் அச்சாக ஒத்துப்போகாமல் இருப்பதே சண்டிகர் அறைகலனின் இயல்பு.

அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலிக்கு என்ன கதியோ அதேதான் இவற்றுக்கும் நேர்ந்தது. பிரம்பு அறுந்தது, மாற்றினார்கள். கால் ஆடியது, ஆணி அடித்தார்கள். கடைசியில் பழுதடைந்த சாமான் என்று கழித்து மொட்டை மாடியிலும் வளாகத்திலும் குவித்து, அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டார்கள். 1990களின் இறுதியிலிருந்து பாரிஸ் வணிகர்கள் வாங்கிப் போய், செப்பனிட்டு, புதிதாகப் பிரம்பு பின்னி, லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். 2011இல் உள்துறை அமைச்சகம் இந்தப் பொருள்களைக் காப்பாற்றச் சொல்லி உத்தரவிட்டது. ஆனால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்தால்தான் ஒரு பொருள் தொல்பொருள். ஐம்பதுகளில் செய்த நாற்காலிக்கு அந்தச் சட்டம் துணை வராது.

விற்பவர்கள் அசலுக்கு அடையாளமாகக் காட்டுவது நாற்காலியின் முதுகிலும் அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய அலுவலக எழுத்துகளையும் எண்களையும். இருப்புச் சரிபார்க்கும் எழுத்தர் எழுதிய கணக்கு அது. துறையின் பெயர் இருக்கும், அறை எண் இருக்கும். இப்போது போலி செய்பவர்களும் அதே வெள்ளைப் பெயிண்டில் அதே எழுத்தை எழுதி, மேலே கொஞ்சம் சுரண்டியும் விடுகிறார்கள். நியூ ஹோப்பில் வாங்கியவர் பெயர், சண்டிகரில் வைத்திருந்த அலுவலகத்தின் பெயர். இரண்டு இடத்திலும் உடைமைதான் எழுதப்பட்டிருக்கிறது, உழைப்பு எழுதப்படவில்லை. உடைமைக் குறியைப் போலி செய்வது எளிது. ஒரு பட்டறையில் இன்ன ஆண்டில் இன்னார் வேலை செய்தார் என்று வரவுப் பதிவேட்டோடு பொருந்தும் தகவலைப் போலி செய்வது அவ்வளவு எளிதல்ல.

சட்டம் இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் பத்து ஆண்டுப் பாதுகாப்பு, மேலும் ஐந்து ஆண்டு நீட்டிப்பு. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, ஐம்பது பிரதிக்கு மேல் தொழில்முறையில் செய்துவிட்டால் பதிப்புரிமையும் போய்விடும். எனவே ஜான்னெரேயின் நாற்காலியை இங்கே எவரும் செய்யலாம் என்ற நிலை. ஐரோப்பாவில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. பிரிட்டன் 2016இல் தொழில்முறை வடிவங்களின் பதிப்புரிமையைக் கலைப் படைப்புகளுக்குச் சமமாக நீட்டியது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அமெரிக்காவில் பிறந்தது என்ற காரணத்தைக் காட்டி ஈம்ஸ் நாற்காலிக்கு ஒன்றியத்துக்குள் பதிப்புரிமையை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இந்தச் சட்டங்கள் எல்லாமே வரைந்தவரையும் அவர் வாரிசையும் உரிமம் வாங்கிய நிறுவனத்தையும் காக்கின்றன. ஜான்னெரே போன்ற ஒருவருக்கு, மக்கள் வரிப்பணத்தில், பொது அலுவலகத்துக்காக, இருபது பட்டறைக் கைகளால் உருவான நாற்காலிக்கு, எழுபது ஆண்டு தனியுரிமை தருவது நியாயம் என்று எனக்குப் படவில்லை. அது செய்யப்பட்ட நோக்கத்துக்கே எதிரானது.

இந்திய அறைகலன் வரலாறே பிரதி எடுத்தலின் வரலாறு என்பதையும் மறக்கக் கூடாது. திண்ணையும் மணையும் பாயும் ஊஞ்சலும் போதும் என்றிருந்த வீடுகளுக்குள் நாற்காலி வந்தது கச்சேரி வழியாகவும் பள்ளிக்கூடம் வழியாகவும்தான். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடியிருப்பில் இன்றும் உட்கார இடம் என்றால் திண்ணைதான் முதலில். ஊர் ஆசாரியிடம் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ‘இதே மாதிரி நாலு போட்டுக் குடுங்க’ என்று சொல்லித்தான் வடிவங்கள் பரவின. ஆசாரி அதை அப்படியே செய்ய மாட்டார். கையில் இருக்கும் பலகைக்கு ஏற்ப அகலத்தைக் குறைப்பார், பிள்ளைகள் உள்ள வீடென்றால் முனையை மழுக்குவார். செட்டிநாட்டு வீடுகளின் சாய்வு நாற்காலிகள் ஆங்கிலேயத் தோட்ட பங்களாக்களின் வடிவத்திலிருந்து இப்படித்தான் வந்து, தமிழ் வீட்டு முற்றத்துக்கு உரியவையாகிவிட்டன. பிரம்பு பின்னுவதும் அதே போல. அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் வேலையைப் பார்வையற்றோர் பலர் பயின்று செய்துவந்தார்கள். ஒரு நாற்காலிக்கு ஆறு முறை இருக்கை மாற்றியிருந்தால், அதில் எதை அசல் என்பது?

இப்போது பெங்களூருவின் ஃபேன்டம் ஹேண்ட்ஸ் நிறுவனம் ஜான்னெரே வடிவங்களைக் கைவேலையாகவே, மறுபதிப்பு என்று சொல்லியே செய்கிறது. இத்தாலியின் காசினா நிறுவனம் 2019இல் ஜான்னெரேக்குக் காணிக்கை என்ற பெயரில் தன் வரிசையை வெளியிட்டது. இவற்றில் ஏமாற்று இல்லை. ஏமாற்று என்பது புதுத் தேக்கைச் சாயம் பூசிப் பழசாக்கி, வெள்ளை எழுத்தை எழுதி, ஐம்பதுகளின் சண்டிகர் என்று விற்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் பெருங்கூட்டமாக இருக்கிறது மூன்றாவது வகை: ஜோத்பூரிலும் வேறு ஊர்களிலும் செய்து, இணையத்தில் யார் பெயரும் இல்லாமல் விற்கப்படும் நாற்காலிகள். அவற்றில் சில அருமையான வேலை. பல, மூன்றாம் ஆண்டில் கால் ஆடத் தொடங்கும் வேலை. மரம் சரியாக உலராமல் போட்டதுதான் காரணம். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வடிவமைப்பாளர் பெயர் உதவாது. அடிப்பக்கத்தில் பட்டறை, ஊர், ஆண்டு, பொருத்தியவர் பெயர், மரத்தின் வகை என்ற ஐந்து விவரம் உதவும். சந்தனக் கட்டைக்கு அதைவிட அதிகமாகவே எழுதுகிறோம்.

பழையவற்றுக்கும் இதைச் செய்ய முடியும், ஆனால் நேரம் குறைவு. 1964இல் அகமதாபாத் மரப்பட்டறையில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். சண்டிகருக்குத் தேக்கு அறுத்தவர்கள் அவரைவிட மூத்தவர்கள். கூலிப் பட்டியல்கள், ஒப்பந்தக் கோப்புகள், பட்டறை வருகைப் பதிவேடுகள் ஆகியவைதான் இந்த நாற்காலிகளின் மறுபாதி வரலாறு. வடிவமைப்புக் கல்லூரிகள் நாற்காலியின் வரைபடத்தை அருங்காட்சியகத்தில் சட்டமிட்டு வைக்கின்றன. அந்தக் கோப்புகளைப் பழைய காகிதக்காரருக்குப் போடாமல் வைத்திருக்கும்படி பொதுப்பணித் துறைகளுக்கு ஒரு கடிதம் எழுதுவதில் தொடங்கலாம். கூடவே ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு மாணவர்களை அந்த முதியவர்களின் வீட்டுக்கு அனுப்பலாம்.